ஹில்டா சந்தேகப்படாத ஒன்று

நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் யாருடைய வாய்ப்பேச்சையும் நம்ப மாட்டாள். ஹில்டா காவ்லிக் நம்பியதே இல்லை. கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் தலையில் மாட்ட ஒரு விளக்கு, இடுப்பில் மாட்ட ஓர் இரும்புக் குப்பி. மேலே ஏறி வந்ததும் இரண்டையும் அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொக்கியில் விளக்கு தொங்கவில்லை என்றால் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று பொருள். "அவன் அப்பவே ஏறிட்டான் ஹில்டா, என் கண்ணால பாத்தேன்" என்று யார் சத்தியம் செய்தாலும் அவள் மணியை அடித்துவிடுவாள். ஒரு தடவை அப்படி அடித்த மணிக்கு மீட்புக்குழுவே கீழே இறங்கியது. தேடப்பட்ட ஆளோ, விளக்கும் கையுமாகக் காதலி வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஊரே சிரித்தது. ஹில்டா சிரிக்கவில்லை. மறுநாளும் கொக்கியைத்தான் பார்த்தாள்.

அந்த இரும்புக் குப்பி எதற்கு என்று போலந்தின் சுரங்க வட்டாரமான சைலீசியாவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். சுரங்கத்தில் தீப்பிடித்தால் கார்பன் மோனாக்சைடு பரவும். அவள் கணவர் எவால்ட் அதற்கு 'ஊமை வாயு' என்று பெயர் வைத்திருந்தார். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது. குப்பியின் வழியாக மூச்சு விட்டால் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம். அந்த வாயுவில் செத்த இரண்டு நண்பர்களை எவால்ட் தூக்கி வந்திருக்கிறார். "ரெண்டு பேரும் கல்யாண வீட்டுல ஆடிட்டு வந்தவனுங்க மாதிரி இருந்தானுங்கடி. கன்னமெல்லாம் செவசெவன்னு" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எவால்ட் போன பிறகு, அவருடைய அப்பா கட்டிய செங்கல் வீட்டில் ஹில்டா, மகன் கிறிஸ்டியான், மருமகள் மஜேனா என்று மூன்று பேர். கிறிஸ்டியானும் சுரங்கத்துக்காரன்தான். நிலவறையில் ஒரு நிலக்கரி அடுப்பு இருந்தது. குளிர்காலம் முழுக்க அது எரிந்தது. தெரு முழுக்கவும் அப்படித்தான் எரிந்தது. ஜன்னல் ஓரத்தில் காயப்போட்ட துணி கறுத்தது, நுரையீரலும் கறுத்தது. நிலக்கரி அடுப்புகளை எடுத்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் கெடு வைத்தபோது ஹில்டாவுக்கு உடனே சந்தேகம் வந்தது.

"நம்ம நெஞ்சு மேல இவங்களுக்கு எப்ப வந்துச்சு இந்தக் கரிசனம்? யாரோ அடுப்பு விக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணும் மந்திரி."

"அம்மா, புகை நமக்கும்தான் கெடுதல்."

"கெடுதல்னு எனக்குத் தெரியும். உங்கப்பா இருமினத கேட்டவ நான். கேக்கறது என்னன்னா, அவங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

கேள்வி நியாயமானதுதான். இருந்தாலும் வேலை தொடங்கியது. பழைய ஜன்னல்கள் போய், மூன்றடுக்குக் கண்ணாடியும் ரப்பர் விளிம்பும் வைத்த ஜன்னல்கள் வந்தன. சுவருக்கு வெளியே குளிர் புகாமல் இருக்கக் கனத்த பஞ்சுப் பலகை ஒட்டினார்கள். நிலவறையில் நிலக்கரி அடுப்பு இருந்த இடத்தில், வெள்ளைப் பெட்டியாக ஓர் எரிவாயு பாய்லர் சுவரில் ஏறியது. அதை மாட்ட வந்த ஆளை ஹில்டா உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்.

"தம்பி, உன் கையில அழுக்கே இல்லையே. இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்த?"

"இதேதாங்க."

"அடுப்புன்னா நெருப்பு தெரியணும். இதுல ஒண்ணும் தெரியல. உள்ள என்ன நடக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இது மூடின பாய்லர்ங்க. வெளியிலேர்ந்தே காத்த இழுத்து, புகையையும் வெளியிலயே விட்டுடும். வீட்டுக்காத்தத் தொடவே தொடாது."

"தொடாதுன்னு நீ சொல்ற. அது சொல்லணுமே."

அவள் பிடித்த பிடிவாதத்தில், ஊமை வாயு வந்தால் கூவுகிற கருவி ஒன்றைக் கிறிஸ்டியான் வாங்கி பாய்லருக்கு நேர் எதிரே மாட்டினான். அது போதாதென்று ஹில்டா ஒரு முக்காலியை நிலவறைக்குக் கொண்டுபோய், பின்னல் வேலையோடு பாய்லர் முன்னால் உட்கார்ந்து காவல் காத்தாள்.

போகும் முன் அந்த ஆள் குளியலறையையும் எட்டிப் பார்த்தான். தொட்டிக்கு மேலே பழைய எரிவாயு கீசர் தொங்கியது. குழாயைத் திறந்தால் உள்ளே நீலச் சுடர் 'புஃப்' என்று பற்றிக்கொள்ளும், வெந்நீர் கொட்டும். அதன் தகரக் குழாய் சுவருக்குள் புகுந்து கூரைப் புகைபோக்கிக்குப் போனது.

"இதையும் எடுத்துட்டு, கீழ பாய்லரோட ஒரு வெந்நீர்த் தொட்டிய சேத்துடலாங்க. இது அறைக்குள்ள இருக்கற காத்ததான் குடிக்கும். புது ஜன்னல் வேற போட்டிருக்கீங்க."

"அதுல கைய வைக்காத" என்றாள் ஹில்டா.

"பழசாயிடுச்சுங்க…"

"அது எவால்ட் மாட்டினது. அவர் போயும் அது ஓடுது. உன் பெட்டி அந்த வயசுக்கு வரட்டும், அப்புறம் பேசலாம்."

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிறிஸ்டியான் நழுவினான். அம்மாவிடம் ஒரு நேரத்தில் ஒரு சண்டைதான் அவனால் போட முடியும்.

டிசம்பரில் நோர்பெர்ட் வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுப் புகைபோக்கியையும் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டியவர். கறுப்பு உடுப்பு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள். புகைபோக்கிக்காரர் எதிரே வந்தால் தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதிர்ஷ்டம் வரும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. வக்கீலும் பிடிப்பார், டாக்டரும் பிடிப்பார். வீடு மந்திரிக்க வரும் பாதிரியார் நாற்காலி மேசைக்கு விலை போடுகிறார் என்று சந்தேகப்படும் ஹில்டாவும் நோர்பெர்ட்டைக் கண்டதும் கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"கூரையில ஐஸா இருக்கு காவ்லிக்கம்மா. ஏறினா நான் மேலோகத்துக்கே போயிடுவேன்" என்றார் அவர்.

"ஏறவே வேணாம். உக்காருங்க, காப்பி குடிங்க."

காப்பியும் கேக்கும் உள்ளே போயின. காகிதம் கையெழுத்தாகி வெளியே வந்தது. வழக்கப்படி புது வருஷத்துக் காலண்டரும் கொடுத்தார். குதிரைலாடத்தோடு சிரிக்கும் புகைபோக்கிக்காரர் படம் போட்ட பெரிய காலண்டர். அதை எங்கே மாட்டுவது என்பதில் ஹில்டாவுக்குக் குழப்பமே இல்லை. குளியலறைச் சுவரின் உச்சியில் காற்றோட்டத் துளை ஒன்று இருந்தது. புது ஜன்னல் வந்த நாளிலிருந்து அதன் கம்பிவலை வழியே பனிக்காற்று கழுத்தில் அடித்தது. அவள் அதன் மேல் ஆணி அடித்துக் காலண்டரைத் தொங்கவிட்டாள். காற்று நின்றது. தெருவில் பாதி வீடுகளில் அந்தக் காலண்டருக்கு அதே இடம்தான்.

மஜேனாவின் தலைவலி ஜனவரியில் தொடங்கியது.

மஜேனா பிரினிட்சா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சோஸ்னோவியெட்ஸ் நகரத்துக்காரி. ஒரே நாடுதான் என்றாலும், ஆறு தாண்டினால் வேறு பேச்சு, வேறு புத்தி என்று இந்தக் கரையில் நம்புகிறார்கள். அந்தக் கரையிலும் அதையேதான் நம்புகிறார்கள். கல்யாணத்தன்று ஹில்டா மகனிடம், "போனா போவுது, பாஸ்போர்ட்டையாவது பத்திரமா வச்சுக்கச் சொல்லு" என்றாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். மஜேனாவும் சிரித்தாள். அதனால் ஹில்டாவின் சந்தேகம் கூடியது.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மஜேனாவுக்கு மாலையில் வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்து கிடந்தால்தான் உடம்பு உடம்பாகும். கிறிஸ்டியான் சுரங்கத்துக் குளியல்கூடத்திலேயே குளித்துவிட்டு வருவான். ஹில்டாவுக்குக் காலையில் ஒரு கிண்ணம் வெந்நீரும் ஒரு துண்டும் போதும். ஆக, கீசர் நெடுநேரம் எரிந்தது மஜேனாவுக்காக மட்டும்தான். குளித்துவிட்டு வந்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுப்பாள். சில நாள் வாந்தி. முதலில் ஹில்டாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அதற்கான அறிகுறி இல்லை என்று தெரிந்ததும் அந்த முகம் இறுகிப்போனது.

டாக்டர் மஜேனாவின் நாக்கைப் பார்த்தார். பிறகு, "மாமியாரோடயா இருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றதும் நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை எழுதினார். வாந்தியும் தலைவலியுமாக வந்த ஒரு கொத்தனாரிடம் அவர் குடும்பக் கதை கேட்டிருக்க மாட்டார், ரத்தம்தான் எடுத்திருப்பார். பெண்ணின் வலிக்கு மட்டும் எப்போதுமே ஒரு மாமியார் காரணமாகக் கிடைத்துவிடுகிறாள்.

பக்கத்து வீட்டு பிரிகிடாவிடம் ஹில்டா வேலி ஓரம் நின்று நீதிமன்றம் நடத்தினாள்.

"கேட்டியா பிரிகிடா, கடையில இருந்தா வலி இல்லையாம். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துல வந்துடுதாம்."

"ஓஹோ."

"ஆத்துக்கு அந்தப்பக்கம் அவங்கம்மா வீட்டுல மூணு நாள் இருந்தா. பட்டாம்பூச்சி மாதிரி பறந்தாளாம். இங்க வந்து கால வச்சா, படுத்துட்டா."

"அப்ப தலைவலியோட பேரே ஹில்டான்னு சொல்லு!"

"சிரிக்காத. இது நாடகம். இந்த வீட்டுல இருக்க முடியலன்னு அவன் காதுல ஓதப் போறா. ஒண்ணு, அவன கூட்டிட்டுப் போயிடுவா. இல்ல, என்ன முதியோர் இல்லத்துல தள்ளிட்டு வீட்ட எழுதி வாங்கிப்பா. நான் பாக்காததா?"

தடயங்களை அவள் சரியாகத்தான் பொறுக்கியிருந்தாள். வெளியே போனால் வலி இல்லை, வீட்டுக்குள் வந்தால் வலி. விளக்கறைக் கண் கண்டுபிடித்தது அதை. ஆனால் குற்றவாளி யார் என்பதை அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள். அரசாங்கம், பாய்லர், பாய்லர்க்காரன், பாதிரியார், மருமகள் என்று உலகத்தையே கூண்டில் ஏற்றியவள், கணவர் கையால் மாட்டிய கீசரை மட்டும் ஏற்றவில்லை. சந்தேகம் நல்ல குணம்தான். பிடித்ததற்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டால், அதுவும் ஒரு வகை பக்தியாகிவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே மூடுபனி. குளிர் விட்டிருந்தது. புகை மேலே எழாமல் கூரைகளின் மேலேயே படுத்துக் கிடந்தது. ஞாயிறு விருந்துக்கு மாட்டிறைச்சித் துண்டுகளை மரச் சுத்தியால் தட்டி, உள்ளே பன்றிக்கொழுப்பும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துச் சுருட்டி, ஹில்டா சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே புதிதாக வைத்த புகை உறிஞ்சும் விசிறி முழு வேகத்தில் சுற்றியது. கிறிஸ்டியானுக்குச் சனிக்கிழமை வேலை. மஜேனா கடையிலிருந்து வந்தாள்.

"நான் குளிச்சிட்டு வந்து உருளைக்கிழங்கு உரிச்சுத் தரேன்மா."

"தலைவலி இல்லையா இன்னைக்கு?"

"இன்னும் இல்ல."

'இன்னும்' என்ற அந்த ஒரு சொல் ஹில்டாவைக் குத்தியது. வரப்போவது அவளுக்கு முன்கூட்டியே தெரியுமோ? மஜேனா கையில் போனோடு குளியலறைக்குள் போனதை அவள் கவனித்தாள். தாழ் விழுந்தது. கீசர் 'புஃப்' என்றது. யாருக்குப் போன் போடப் போகிறாள்? அம்மாவுக்கா? வக்கீலுக்கா? ஹில்டா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு சட்டியில் இருந்த இறைச்சியைத் திருப்பிப் போட்டுவிட்டு, மரச் சுத்தியும் கையுமாகவே பூனை நடை நடந்து குளியலறைக் கதவில் காதை வைத்தாள்.

பேச்சு இல்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும். தன்னைக் கண்டுகொண்டு பேச்சை நிறுத்திவிட்டாளோ? இன்னும் அழுத்தமாகக் காதை வைத்தாள். அப்போது கால் நனைந்தது. கதவுக்கு அடியிலிருந்து வெந்நீர் கசிந்து வந்துகொண்டிருந்தது.

"மஜேனா! தண்ணி வழியுது பாரு!"

பதில் இல்லை.

"ஏ பொண்ணே! நடிச்சது போதும், கதவத் தொற!"

கொக்கியில் விளக்கு இல்லை. அவள் உடம்புக்கு அது புத்திக்கு முன்பே தெரிந்துவிட்டது. கதவின் மங்கல் கண்ணாடியைச் சுத்தியால் அடித்தாள். கையை உள்ளே விட்டுத் தாழை எடுத்தாள். முழங்கை கிழிந்தது. மஜேனா தொட்டி விளிம்பில் மடங்கிக் கிடந்தாள். கழுத்து தண்ணீருக்கு மேலே நிற்பது வெறும் தற்செயல். கன்னம் இரண்டும் செவசெவவென்று, கல்யாண வீட்டில் ஆடிவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

ஹில்டா மூச்சை அடக்கினாள். கீசரின் எரிவாயுக் குழாயைத் திருகி மூடினாள். புது ஜன்னலின் பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே அவளுக்கு நினைவில்லை. அதையும் சுத்தியால் அடித்தாள். மூன்றடுக்கு என்பதால் மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. பிறகு மருமகளின் அக்குளுக்குள் கை கொடுத்து, கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே நடைவழிக்கும், அங்கிருந்து திறந்த வாசலுக்கும் இழுத்து வந்து, "பிரிகிடா! ஆம்புலன்ஸ்!" என்று தெருவே அதிரக் கத்தினாள். நிலவறையில் கூவும் கருவி அமைதியாக இருந்தது. அங்கே கூவ ஒன்றும் இல்லை.

மஜேனாவை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. தீயணைப்புப் படையின் ஓர் அதிகாரி கையில் வாயு அளக்கும் மீட்டரோடு வீட்டைச் சுற்றினாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் இளம்பெண். ஜன்னலை அட்டையால் மறைத்து, சமையலறை விசிறியைப் போடச் சொன்னாள். ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, கீசரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். காகிதம் அறையை நோக்கி வளைந்தது.

"பாத்தீங்களா? புகை மேல போகணும். உங்க வீட்டுல கீழ வருது. வீடு டப்பா மாதிரி மூடிக் கெடக்கு. விசிறி காத்த வெளிய தள்ளுது, அதுக்குப் பதிலா உள்ள காத்து வர வேற வழி இல்ல. அதனால புகைபோக்கி வழியாவே இழுத்துக்குது. புகையோட சேத்து." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "காத்தோட்டத் துளை எங்க?"

ஹில்டா காலண்டரைக் காட்டினாள்.

"யார் மாட்டினது?"

"நான்தான்."

அதிகாரி காலண்டரைக் கழற்றினாள். "புகைபோக்கி சோதனை பண்ணினாரா யாராவது?"

ஹில்டா கையெழுத்துக் காகிதத்தை நீட்டினாள். அதிகாரி படித்தாள். கூரையில் ஏறாமலே எழுதியது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூரைத்துளையில் காக்கைக்கூடு பாதியை அடைத்திருந்ததை அவள் ஆட்கள் மேலேயிருந்து கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஹில்டா நேராக நோர்பெர்ட் வீட்டுக்குப் போனாள். கை கட்டுப்போட்டிருந்தது. அவர் வீட்டு உடுப்பில், செருப்போடு நின்றார். கறுப்புச் சட்டை இல்லாமல் சாதாரண ஆளாக இருந்தார்.

"ஏறச் சொல்லி நீங்க கேக்கலையே காவ்லிக்கம்மா. யாருமே கேக்கறதில்ல. எல்லாருக்கும் கையெழுத்துதான் வேணும். நீங்களே உக்காரச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"புது ஜன்னல் போட்டவன் துளை பத்திச் சொல்லல. நான் மட்டும் குத்தவாளியா?"

"அவன் பேரும் சொல்றேன். துளைய மூடினது என் ஆணி, அதையும் சொல்றேன். ஏறாம ஏறினேன்னு எழுதினது உங்க கை. அதையும் சொல்றேன். மூணையும் ஒரே வாக்குமூலத்துல சொல்றேன்."

"ஊர்ல என் பொழப்பு போயிடும்."

"இன்னைக்கு என் மருமக உசுரு போகப் பாத்துச்சு. உங்க பொழப்பு வரிசையில நிக்கட்டும்."

ஆஸ்பத்திரியில், அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அறையிலிருந்து மஜேனாவை வெளியே கொண்டுவந்து படுக்கவைத்திருந்தார்கள். கிறிஸ்டியான் முகத்தில் நிலக்கரி மையோடு, குளிக்காமலே ஓடிவந்து உட்கார்ந்திருந்தான். ஹில்டா கட்டில் காலடியில் நின்றாள்.

"நீ நடிக்கிறன்னு நெனச்சேன்."

"தெரியும்மா. பிரிகிடா சொல்லிட்டாங்க."

"அவளும் நம்பத் தகாதவதான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

மஜேனா கண்ணை மூடியபடி சிரித்தாள். பிறகு கேட்டாள். "கதவுகிட்ட எதுக்கு வந்தீங்க? இறைச்சி அடுப்புல இருந்துச்சே."

"ஒட்டுக் கேக்க."

"என்ன கேக்க?"

"என்னைய எந்த முதியோர் இல்லத்துல தள்ளப் போறன்னு."

"அந்த போன்ல நான் பாத்துட்டிருந்தது வெந்நீர்த் தொட்டிம்மா. எது வாங்கலாம்னு. அந்தக் கீசர் மேல எனக்குதான் சந்தேகமா இருந்துச்சு. சொன்னா எவால்ட் அப்பாவ இழுப்பீங்கன்னு பயந்துட்டு இருந்தேன்."

அந்த வீட்டில் சரியாகச் சந்தேகப்பட்டவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளுக்குத்தான் வாயைத் திறக்கப் பயம்.

வெந்நீர்த் தொட்டி வந்தது. நிலவறையில் பாய்லருக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில் நின்றது. கீசரைக் கழற்றிய இடத்தில் ஓட்டையை அடைத்து ஓடு பதித்தார்கள். பழைய இரும்புக்காரன் வந்து கீசரைத் தூக்கியபோது ஹில்டா வெளியே வந்து பார்க்கவில்லை. அழுதாளா என்று யாரும் கேட்கவும் இல்லை.

மஜேனா நடக்கத் தொடங்கிய முதல் சனிக்கிழமை மதியம், இருவரும் பிரிகிடா வீட்டு மணியை அடித்தார்கள்.

"என்ன ரெண்டு பேரும் சேந்து? உலகம் அழியப் போகுதா?"

"உன் குளியலறையப் பாக்கணும்" என்றாள் ஹில்டா.

"எதுக்குடி? கூட்டாம வச்சிருக்கேன்."

"உங்களுக்கும் அதே ஜன்னல்காரன், அதே நோர்பெர்ட்தானே" என்றாள் மஜேனா.

"எங்க வீட்டுல யாருக்கும் தலைவலி இல்ல. எங்க மேலயும் சந்தேகமா உனக்கு, ஹில்டா?"

"ஆமா. தள்ளு."

பிரிகிடா தள்ளவில்லை. ஹில்டா அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். குளியலறையில் அவள் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறக்கப் போகும் நிலையில் நின்றிருந்தார். சுவரில் அதே காலண்டர் தொங்கியது. மஜேனா அதைத் தூக்கிப் பிடித்தாள். ஹில்டா சமையலறைக்குப் போய் அங்கேயும் இருந்த புகை விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு வந்து, காலண்டர் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, கீசரின் புகைக்குழாய் ஓரத்தில் பிடித்தாள்.

காகிதம் ஆடியது. பிறகு மெதுவாக, அவர்கள் நால்வரையும் நோக்கி வளைந்தது.

"என்ன அர்த்தம் இதுக்கு?" என்றாள் பிரிகிடா. குரல் இறங்கியிருந்தது.

"சட்டையப் போட்டுக்கோங்க" என்று ஹில்டா அவள் கணவரிடம் சொல்லிவிட்டு, எரிவாயுக் குழாயைத் திருகி மூடினாள். "இன்னைக்கு எங்க வீட்டுல வந்து குளிங்க. மஜேனா, அடுத்த வீட்டுக்காரன் பேரு என்ன?"